பன்னிரண்டாவது பிள்ளை

படத்தைச் சுவரிலிருந்து இறக்கி இரண்டு பெஞ்சுகளின் மேல் மல்லாக்கப் போட்டிருந்தார்கள். முப்பத்தொரு வருஷமாய் மதலேன் அதை நிமிர்ந்த நிலையில்தான் பார்த்திருக்கிறாள். இப்படிக் கிடத்தியிருப்பதைப் பார்த்ததும் கை தானாகச் சிலுவை போட்டது. தலைமாட்டில் இரண்டு மெழுகுதிரி ஏற்றினால் சாவு வீடேதான். ஆனால் தலைமாட்டில் எரிந்தது திரியில்லை, மெட்ராஸிலிருந்து வந்த பெண் கொண்டுவந்த மின்விளக்கு. கழுத்தை வளைத்து எங்கே வேண்டுமானாலும் குனிய வைக்கலாம். அந்தப் பெண்ணின் பெயர் கோதை. பழைய படங்களைச் சுத்தம் பண்ணுவதுதான் அவளுக்கு உத்தியோகம், அதற்கென்று ஒரு படிப்பே இருக்கிறதாம். சூசையப்பர்பட்டினத்துக் கோயில் கட்டி நூற்றெழுபத்தைந்து வருஷமாகிறது, திருநாளுக்குள் படத்தைப் பளிச்சென்று ஆக்கியாக வேண்டும் என்று பங்குச் சாமியார் பிலவேந்திரன் அவளை வரவழைத்திருந்தார். "மதலேனம்மா, நீங்க பக்கத்துலயே இருங்க. யாரையும் உள்ள விடாதீங்க, மேடம் தண்ணி கிண்ணி கேட்டா எடுத்துக் குடுங்க," என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரனோடு பேசப் போய்விட்டார். காலைப் பூசை முடிந்து ஒன்பதே கால் இருக்கும். பன்னிரண்டு மணிக்குள் கோதை முகங்களை மட்டும் துடைத்துப் பார்த்து முடிவு சொல்லிவிடுவாள். மூன்று மணி நேரம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கூட்டுவதில்லை, மெழுகுவதில்லை, பூச்சாடி கழுவுவதில்லை. சும்மா உட்காருவது இவ்வளவு அலுப்பாக இருக்குமென்று மதலேனுக்கு அறுபத்திரண்டு வயதில் இன்றைக்குத்தான் தெரிந்தது. முட்டி ஒரு பக்கம் விண்விண்ணென்றது. ராத்திரி தூங்கவில்லை, அதற்கு முந்தின ராத்திரியும் தூங்கவில்லை. படத்தை இறக்கப் போகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னதிலிருந்தே தூக்கம் போய்விட்டது.

அந்தப் படத்தை எந்தப் பிரெஞ்சுக்காரச் சாமியார் கப்பலில் கொண்டுவந்தார் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். படத்தில் மழை விட்ட நேரம், சேறான வண்டிப் பாதை, வானம் முழுக்கக் கருமேகம், மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு வெளிச்சம் தூரத்துக் கோயில் கோபுரத்தின் மேல் விழுகிறது. பாதையில் இரண்டு சாமியார்கள் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். முன்னால் போகிறவர் கிழவர், காற்றில் தொப்பி பறக்காமல் ஒரு கையால் அமுக்கிக்கொண்டிருக்கிறார். நடுவில் வருகிறவர் வாலிபர், இரண்டு குட்டிப் பிள்ளைகளின் கையைப் பிடித்திருக்கிறார். இரண்டு பேருக்கும் பார்வை கோபுரத்தின் மேல்தான். ஒரு தரமாவது திரும்பிப் பார்த்தார்களா? மதலேன் இதை அவர்களிடம் எத்தனையோ சனிக்கிழமை கேட்டிருக்கிறாள், துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் சாமி, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போற லட்சணமா இது, கடைசியில வர்றது வருதா இல்லையான்னு பாக்க வேண்டாமா? கடைசியில் ஒன்று வந்துகொண்டிருந்தது. வலது பக்கம் கீழ் மூலை, சட்டத்திலிருந்து நாலு விரற்கடை. சேற்றில் மாட்டிய செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வரிசையை விட்டுப் பின்தங்கி, தலையைத் திருப்பி நம்மையே பார்க்கிற பெண் பிள்ளை. இப்போது அங்கே ஒன்றும் இல்லை. மூலை முழுக்கக் கறுப்பு, அடுப்படிச் சுவர் மாதிரி. பத்து வருஷமாகவே அப்படித்தான். காலையில் கோதை ஒரு பழைய காகிதத்தை வைத்துக்கொண்டு விரலால் எண்ணினாள். "ஃபாதர், கோயில் சாமான் பட்டியல்ல ரெண்டு குருக்கள், பன்னெண்டு பிள்ளைகள்னு இருக்கு. படத்துல பதினொண்ணுதான் இருக்கு." பிலவேந்திரன் சாமியார் சிரித்தார். "அந்தக் காலத்து ஆளு, எண்ணும்போது தப்பு விட்டிருப்பார்மா." மதலேன் அப்போது தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தப்பு இல்லை சாமி என்று வாய் வரைக்கும் வந்தது. வந்தது அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டது.

மகள் செசிலிக்கு அப்போது எட்டு வயது. அவளும் இப்படித்தான், கோயிலுக்குப் புறப்பட்டால் நாலெட்டு வைப்பதற்குள் செருப்பு வார் பிடுங்கிக்கொள்ளும். கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். "சனியனே, கால்ல போட வாங்கினதா, கையில பிடிக்க வாங்கினதா?" என்று மதலேன் முன்னால் நடந்தபடியே கத்துவாள், அவள் பின்னால் நின்று எதையாவது வேடிக்கை பார்ப்பாள், வாத்து, கழுதை, யார் வீட்டு வாசலிலோ காயும் மீன். கோயில் படி ஏறும் முன்னால் பிடித்து நிறுத்தி, முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து அவள் முகத்தைத் துடைப்பாள். "த்தூ, நாறுதும்மா," என்று முகத்தைச் சுளிப்பாள். சுளித்த முகம். அந்தச் சுளிப்பு தெரிகிறது, முகம்தான்... அதை இப்போது நினைக்க வேண்டாம். முதல் தரம் நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு மூன்று வாரம் இருந்தது. வெள்ளைக் கவுன் தைத்தாயிற்று, தலைக்கு வைக்கிற துணிப் பூமாலை வந்தாயிற்று, அன்றைக்கே ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துவிடலாம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அது வரைக்கும் அவளை யார் போட்டோ எடுத்தார்கள்? மூளைக் காய்ச்சல் என்று காரைக்கால் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாலு நாள். அந்தக் கவுனைப் போட்டே பெட்டியில் வைத்தார்கள். போட்டோக்காரரைக் கூப்பிடட்டுமா என்று அவள் அப்பா வந்து கேட்டபோது மதலேன்தான் ஆங்காரமாய்க் கத்தினாள், செத்த முகத்தைப் படம் பிடிச்சு மாட்டி வெச்சு என்ன பண்ணப் போறீங்க, யாராவது போட்டோப் பெட்டியோட வந்தீங்க, உடைச்சுப் போட்டுருவேன். மனுஷன் போய்விட்டார். அப்புறம் அவரும் செத்து எத்தனையோ வருஷமாச்சு, ஒரு நாளாவது குத்திக் காட்டியதில்லை. குத்திக் காட்டியிருக்கலாம். அந்த ஒரு போட்டோவாவது இருந்திருக்கும். கண் மூடின முகமானாலும் முகம்தானே. மாதாவே, எவ்வளவு பெரிய முட்டாள்தனம். இதையே முப்பத்தொரு வருஷமாய் அரைத்து அரைத்து இன்னும் மாவாகவில்லை.

"அம்மா, கொஞ்சம் பஞ்சு எடுத்துத் தர்றீங்களா?" மதலேன் எழுந்து கொடுத்தாள். கோதை ஒரு குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றினாள், அதை வாயில் வைத்து நனைத்தாள், அப்படியே முன்வரிசைப் பிள்ளை ஒன்றின் கன்னத்தில் வைத்து மெதுவாய் உருட்டினாள். சேசு மரி சூசை! "மேடம், எச்சிலா அது?" என்று கேட்டேவிட்டாள் மதலேன். கோதை நிமிராமலே சிரித்தாள். "எச்சில்தான்மா. பழைய படத்துக்கு இதைவிட சாதுவான மருந்து கிடையாது. நிறத்தைத் தொடாது, மேல இருக்கிற அழுக்கை மட்டும் எடுக்கும். இது அசையலேன்னா அப்புறம்தான் சீசாவுல இருக்கிறதைத் தொடுவேன்." பஞ்சு பழுப்பாய் வந்தது. அதைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் புதிது சுற்றினாள். இந்த அழுக்கு எச்சிலுக்கு மசியவில்லை போல, மூக்கைத் துளைக்கிற ஏதோ ஒன்றை ஒரு சொட்டுத் தொட்டாள், பஞ்சை உருட்டினாள், மறுபடி எச்சில். "யாரோ எண்ணெய் தடவியிருக்காங்கம்மா. ஒரு தரம் ரெண்டு தரம் இல்ல. எண்ணெய், அது மேல தூசி, திரிப் புகை, மறுபடி எண்ணெய். தோசைக்கல்லு மாதிரி ஏறியிருக்கு. யாரு இப்படிப் பண்ணினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" குரலில் கோபம் இல்லை, வைத்தியர் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். மதலேன் பஞ்சுப் பொட்டலத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "பழைய காலத்துல இருந்தே வழக்கம்தான் மேடம்," என்றாள். இதில் பாதி நிஜம். பாதி நிஜத்தைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் சொன்னால் பொய் என்றுதான் கணக்கு.

வழக்கம்தான், இல்லையென்று யார் சொன்னது? செசிலி செத்த வருஷமே அப்போதிருந்த சாமியார் கோயில் வேலை பார்க்க வரச் சொன்னார், வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று. முன்னால் வேலை பார்த்த கிழவர்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தார், பித்தளை மெழுகுதிரிக்காலுக்குப் புளியும் சலித்த சாம்பலும், மரத்தில் செய்த புனிதர் சுரூபத்துக்கும் படத்துக்கும் எண்ணெய்த் துணி. திருநாளுக்குத் திருநாள் என்றுதான் அவர் சொன்னார், வருஷத்துக்கு ஒரு தரம். சனிக்கிழமைதோறும் ஆக்கினது மதலேன். முதல் தரம் துணியால் ஒத்தியபோதுதான் அந்த மூலையைப் பார்த்தாள். எண்ணெய் பட்டதும் மங்கலெல்லாம் விலகி, தண்ணீருக்குள் இருந்து மேலே வருகிற மாதிரி அந்தப் பிள்ளை வந்தது, கையில் செருப்போடு. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் முடி, ரோஸ் கன்னம், வெள்ளைக்காரக் குழந்தை, செசிலிக்கும் அதற்கும் முடியிலிருந்து நகம் வரை ஒரு பொருத்தமும் கிடையாது. அது தெரியாதா அவளுக்கு? பைத்தியமா என்ன? ஆனால் அந்தத் திரும்பல் இருக்கிறதே, நீ போம்மா, நான் வர்றேன் என்கிற அந்தத் திரும்பல், அது செசிலியுடையது. எண்ணெய் ஈரம் இருக்கிற வரைக்கும் பளிச்சென்று இருக்கும். காய்ந்தால் மங்கும், முன்னைவிட ஒரு பங்கு கூட மங்கும். அடுத்த சனிக்கிழமை மறுபடி எண்ணெய். மற்றப் பிள்ளைகளுக்கு ஒப்புக்கு ஒரு இழுப்பு, இதன் முகத்துக்கு மட்டும் விரல் நுனியில் துணியைச் சுற்றி நெற்றி, கன்னம், தாடை, எல்லாம் தனித்தனியாய். வருஷம் போகப் போக ஈரத்திலும் தெரிவது குறைந்தது. எண்ணெய் போதவில்லை என்று நினைத்தாள், இன்னும் தடவினாள். கடைசியில் ஒரு வருஷம் ஈஸ்டர் வாரத்துப் பெரிய வியாழனுக்கு முந்தின நாள், எவ்வளவு தேய்த்தும் கண்ணே தெரியவில்லை என்று, திரிக்கால் தேய்க்கிற சாம்பலைக் கொஞ்சம் எச்சிலில் குழைத்து அந்த முகத்தில் மட்டும் வைத்துத் தேய்த்தாள். துணியில் கறுப்பு வந்தது. சந்தோஷம். மறுபடி கறுப்பு. அப்புறம் ரோஸாய் என்னமோ வந்தது. மெழுகு, என்று சொல்லிக்கொண்டாள். மாதா பீடத்தில் ரோஸ் திரி ஏற்றுகிறார்களே, அந்த மெழுகு தெறித்திருக்கும். பீடம் இருபதடி தள்ளி இருக்கிறது. இருக்கட்டும், தெறிக்காதா? துணியைச் சாம்பிராணிக் கரியில் போட்டுக் கொளுத்திவிட்டாள். அதற்கப்புறம் சனிக்கிழமை எண்ணெய் தடவும்போது அந்த இடத்தைப் பார்க்கவில்லை, பார்க்காமல் தடவினாள். ரோஸ். மெழுகுதான். மெழுகு துணியில் ஒட்டினால் உருண்டு வரும், அது உருளவில்லை, பொடியாய் இருந்தது. ஆனாலும் மெழுகுதான்.

மணி பத்தரை. வெளியே பந்தல் கால் அடிக்கிற சத்தம், ஒவ்வொரு அடியும் முட்டியில் இறங்கியது. கோதை ஒவ்வொரு முகமாய்த் திறந்துகொண்டு வந்தாள். திறப்பது என்றுதான் அவள் சொன்னாள், ஜன்னலைச் சொல்கிற மாதிரி. கிழச் சாமியாருக்கு இவ்வளவு நாளும் இல்லாத மருவொன்று மூக்கில் வந்தது. வாலிபச் சாமியார் தாடியைச் சரியாய் மழிக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாய், நாலு, ஐந்து, ஆறு. முகம் மட்டும் கழுவி, மேல் கழுவாத பிள்ளைகள். மதலேனுக்குக் கண் இழுத்துக்கொண்டு போனது. தூங்கிவிடலாம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த நாற்காலியிலேயே தூங்கிவிடலாம், எழுப்பும்போது பன்னிரண்டு மணி ஆகியிருக்கும். கண்ணை மூடினால் செசிலியைக் கூப்பிட்டுப் பார்ப்பாள், தினமும் படுக்கும்போது செய்வதுதான். வாடி, வந்து நில்லு. செருப்பு வரும். கை வரும். கவுன் வரும். திரும்புவாள். திரும்பினால் மஞ்சள் முடி, ரோஸ் கன்னம். போ, நீ இல்லை, உன்னை யார் கூப்பிட்டது? மறுபடி கூப்பிடுவாள், மறுபடியும் அதுவே வந்து நிற்கும். எந்த வருஷத்திலிருந்து இப்படி ஆனது? பெற்ற பிள்ளை முகம் மறந்தவள் என்று ஊரில் ஒருத்தருக்குத் தெரிந்தால் காறித் துப்ப மாட்டார்களா? அதனால்தான் படம் வேண்டும். தன் தலைக்குள் இருந்தது போய்விட்டது, மூலையில் இருப்பதாவது இருக்கட்டும். கறுப்புக்கு அடியில் அது பத்திரமாய் இருக்கிறது. போர்வைக்குள் தூங்குகிற பிள்ளை மாதிரி. தூங்குகிற பிள்ளையை எதற்கு எழுப்புவது? திறந்து பார்த்து, ரோஸ்... வேண்டாம். திறக்காத வரைக்கும் அது அங்கே இருக்கிறது.

செருப்புச் சத்தம் கேட்டு விழித்தாள். பிலவேந்திரன் சாமியார் நின்றுகொண்டிருந்தார். "ஆகா, என்னமா வந்திருக்கு பாருங்க மதலேனம்மா! இத்தனை நாளும் இவங்க எல்லாம் எங்க இருந்தாங்க?" அவருக்குச் சின்ன வயது, நல்ல மனசு, எதற்கும் ஆகா என்பார். கோதை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு முகம்தான் பாக்கி ஃபாதர். அப்புறம் வானம், கோபுரம், உடுப்பு எல்லாம் நாளையில இருந்து. இந்த மூலை மட்டும் ரொம்ப மோசம். மரத்து நிழல்னு நினைக்கிறேன். அதுல கை வெச்சா நாலு நாள் இழுக்கும், உங்களுக்கோ திருநாள் வந்துடுச்சு. அப்படியே விட்டுட்டு மேல வார்னிஷ் குடுத்துடலாமா?" "நிழல்தானே மேடம், இருந்துட்டுப் போகட்டும். வார்னிஷ் குடுத்தா அப்புறம் திறக்க முடியாதா?" "முடியும். ஆனா இன்னொரு நூறு வருஷத்துக்கு யார் திறக்கப் போறா?" இரண்டு பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். முடிந்தது. மதலேனுக்கு உடம்பு முழுக்க ஒரு தளர்ச்சி இறங்கியது, காய்ச்சல் விட்ட மாதிரி. வாயைத் திறக்க வேண்டாம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை, வழக்கம்தான் என்று சொன்னதோடு சரி. நூறு வருஷத்துக்கு அது போர்வைக்குள் இருக்கும். சாமியார் போனதும் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். 

திரும்பி வந்தபோது கோதை பதினோராவது முகத்தில் இருந்தாள். வரிசையில் அதுதான் கடைசி, வாலிபச் சாமியாருக்குப் பின்னால் தன்னந்தனியாய் ஓடி வருகிற தடிப் பையன். குச்சியை வாயில் நனைத்து அவன் மூக்கின் கீழே உருட்டினாள். "இவனுக்கு சளி பிடிச்சிருக்கும்மா, பாருங்க, ஓவியர் அதையும் விடல," என்று சிரித்தாள். நிஜமாகவே மூக்கு சிவந்திருந்தது. மதலேனும் எட்டிப் பார்த்தாள், சிரிப்பு வந்தது. பதினொன்றும் முகம் கழுவிக்கொண்டு நின்றன. திருநாளன்று ஊரே பார்க்கும், எவ்வளவு அழகு, எவ்வளவு சுத்தம் என்று சொல்லும். பதினொன்றுக்கும் யாரோ எச்சில் தொட்டு முகம் துடைத்து அனுப்பிவிட்டார்கள், இரண்டு சாமியார்களும் கூட்டிக்கொண்டு போகிறார்கள், பின்னால் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்று நிற்கிறது, அதைத் துடைக்க ஒருத்தரும் வரவில்லை, பன்னிரண்டு என்று எழுதி வைத்தவனைக்கூட எண்ணத் தெரியாதவன் என்று சொல்லிவிட்டார்கள். அது இல்லவே இல்லை என்று ஆகிவிட்டது. இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குச் செசிலிக்கு முன்னால் நடந்துகொண்டே கத்தினாளே, திரும்பினாளா? இவளும்தானே திரும்பவில்லை. அந்தச் சாமியார்களை வாரா வாரம் கேள்வி கேட்டாளே, பெரிய நியாயக்காரி! கோதை குச்சிகளைப் பொறுக்கிச் சீசாவை மூடப் போனாள். "மேடம்," என்றாள் மதலேன். குரல் தனக்கே கேட்கவில்லை. "பாப்பா. அதை மூடாதே. அந்த மூலையில ஒரு பிள்ளை இருக்கு. பட்டியல்ல தப்பில்ல."

கோதை விளக்கின் கழுத்தைத் திருப்பி மூலையில் குனிய வைத்தாள். "எங்கம்மா?" "சட்டத்துல இருந்து நாலு விரல். கால் கீழ இருக்கும்." கோதை கீழே இருந்து ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் எடுத்தது. எச்சில் போதவில்லை, சீசா, பஞ்சு, மறுபடி சீசா. கிண்ணம் நிறைந்து இன்னொரு கிண்ணம் வந்தது. மதலேன் உட்காரவில்லை, முட்டியை மறந்து நின்றாள். முதலில் ஒரு வெறுங்கால் வந்தது, விரலிடுக்கில் சேறோடு. "ஐயோ, அம்மா!" என்று கோதை கத்தியேவிட்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. "இருக்கும்மா, நிஜமாவே இருக்கு!" பிறகு இன்னொரு கால். நீலக் கவுன் ஓரம். தொங்குகிற கை. கையில் செருப்பு, அதன் வார் அறுந்து தொங்குவதுகூட. மதலேன் அழவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இடுப்பு வந்தது, தோள் வந்தது, தோளில் சரிந்த மஞ்சள் முடியின் நுனி வந்தது. கழுத்தின் அடி வந்தது. அதற்கு மேல் கோதையின் கை மெதுவானது. குச்சியை உருட்டினாள், எடுத்தாள், பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். இன்னொரு இடத்தில் உருட்டினாள். பந்தல்காரன் சுத்தியலை நிறுத்தியிருந்தான். "அம்மா," என்றாள் கோதை. இந்த அம்மா வேறு மாதிரி இருந்தது. மதலேன் குனிந்து பார்த்தாள். கழுத்துக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்குத் துணி தெரிந்தது. வெறும் சாக்குத் துணி, நெய்த நூல் குறுக்கும் நெடுக்குமாய். கண் இல்லை, கன்னம் இல்லை, திரும்பல் இல்லை. "இங்க நிறமே இல்லம்மா. யாரோ இந்த ஒரு இடத்தை மட்டும் ரொம்ப வருஷமாத் தேய்ச்சிருக்காங்க. ஏன் இதை மட்டும்..." "நான்தான்," என்றாள் மதலேன். "நான்தான் பாப்பா தேய்ச்சேன். முகம் தெரியணும்னு தேய்ச்சேன்."

ரோஸ் என்றால் ரோஸ்தான், மெழுகில்லை. பெரிய வியாழனுக்கு முந்தின நாள் துணியில் வந்தது கன்னம். அதைக் கொண்டுபோய்க் கரியில் போட்டாள். பிள்ளையை இரண்டு தரம் புதைத்தாயிற்று. மதலேன் நாற்காலியில் உட்கார்ந்தாள், இனிமேல் எதற்கும் எழுந்திருக்க வேண்டாம் போல இருந்தது. கோதை திட்டுவாள் என்று காத்திருந்தாள், சாமியாரைக் கூப்பிடுவாள், கோயில் சாவியைத் திருப்பிக் கேட்பார்கள், கேட்கட்டும். கோதை கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள்.  "இதை வரைஞ்சு நிரப்ப முடியாதாம்மான்னு ஃபாதர் கேப்பாரு," என்றாள். "முடியாது. இல்லாத முகத்தை நாங்களா வரையக் கூடாது, அது எங்க வேலையில பெரிய தப்பு. பக்கத்து நிறத்தை மெல்லிசாப் பூசி, கண்ணை உறுத்தாம விட்டுருவோம். ஆனா என்ன இருந்துச்சுன்னு எழுதி வெப்போம், பின்னால வர்றவங்களுக்கு. இந்த முகத்தைப் பாத்தவங்கன்னு உலகத்துலயே இப்ப நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க போல. மெதுவா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க." நோட்டை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தாள். மதலேனுக்குப் பகீரென்றது. ஞாபகமா? அவளிடமா? கண்ணை மூடினாள். வாடி, வந்து நில்லு. செருப்பு வந்தது. கை வந்தது. கவுன் வந்தது. இனி திரும்பும், மஞ்சள் முடி, ரோஸ் கன்னம், அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். திரும்பியது. கழுத்துக்கு மேலே நெய்த நூல், குறுக்கும் நெடுக்குமாய். மஞ்சள் முடியைக் கூப்பிட்டாள், வரவில்லை. அது போயே போய்விட்டது. அடைத்துக்கொண்டு நின்ற இடம் காலியாய்க் கிடந்தது. "முகம் என்ன நிறம்மா? அதுல இருந்து ஆரம்பிங்க," என்றாள் கோதை. மதலேன் முந்தானை நுனியைக் கையில் சுருட்டினாள். எதற்கென்று தெரியாமலே அதை வாய்க்குக் கொண்டுபோனாள், எச்சில் உப்பாய்ப் பட்டது. த்தூ, நாறுதும்மா.

"கறுப்பா இருப்பா," என்றாள் மதலேன்.

பேனா நின்றது. கோதை பெஞ்சில் கிடந்த பதினொரு வெள்ளை முகங்களையும் பார்த்தாள், பிறகு மதலேனைப் பார்த்தாள்.

"நல்ல கறுப்பு, என்னைவிட. நெத்தி சின்னது. இந்தப் புருவத்துல பைப்படியில விழுந்த தழும்பு, அங்க மட்டும் முடி முளைக்காது. முன்னாடி பல்லு ரெண்டும் விழுந்து ஒண்ணுதான் முளைச்சிருந்துச்சு, அதும் கோணல். சிரிச்சா நாக்கு அந்த சந்துல வந்து நிக்கும். புதுநன்மைக்குக் கம்மல் வாங்கித் தர்றோம்னு சொல்லியிருந்தோம், அதுவரைக்கும் காது தூந்துடக் கூடாதுன்னு ஈர்க்குச்சி போட்டிருப்பா. வலது காது குச்சி நீளம், இடது காது குச்சி சின்னது. நாறுதும்மான்னு முகத்தை இப்படிச் சுளிப்பா." மதலேன் சுளித்துக் காட்டினாள், அப்படியே அந்த முகத்தோடு அழுதாள்.

கோதை குனிந்து எழுதினாள். பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஈர்க்குச்சி வரைக்கும் எழுதிவிட்டு, "பிள்ளை பேரு?" என்றாள்.